சுட்டா? மூட்டா? – இத்தாலியச் 'சுட்டிடைச்சொல்' குறித்து ஒரு நோக்கு

ஆங்கில இலக்கணத்தைத் தமிழ்வழிக் கற்ற தலைமுறைகள் பலவற்றுக்கு ஒரு வாய்பாடு மனப்பாடமாய் இருந்துவந்துள்ளது. 'த' எனின் 'அந்த'. 'ஏ' எனின் 'ஒரு'. வாய்பாடு சிறியது, நினைவிற் கொள்ள எளியது, பெரும்பாலும் பிழையானது. ஆயினும் ஆங்கிலத்தைப் பொறுத்தவரையில் இதனால் விளைந்த கேடு ஓரளவிற் கட்டுப்பட்டே இருந்தது. கொழும்பு வாசியின் காதில் ஆங்கிலம் நாள்தோறும் விழுந்துகொண்டிருப்பதால், விதி செய்த பிழையைக் காது திருத்திவிட்டது. இத்தாலிய மொழிக்கு அத்தகைய காவல் இல்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ களுபோவிலவிலோ இருந்துகொண்டு இத்தாலியம் கற்பவர், வகுப்பறையை விட்டு வெளியே வந்ததும் அம்மொழியைக் கேட்பது அரிது. அவர் கையிலிருப்பது விதி ஒன்றே. அந்த விதியும் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தெடுத்த பழைய வாய்பாடாக, 'இல்' எனின் 'அந்த', 'உன்' எனின் 'ஒரு' என்று அமையுமாயின், அவர் பிழைப்பது திண்ணம்.

இதனை இலக்கண வம்பு என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. 1980கள் முதலாக இலங்கைத் தமிழர் பலர் இத்தாலிக்குப் புலம்பெயர்ந்துள்ளனர். சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவில் அவர்கள் ஒரு சமூகமாகவே வாழ்கின்றனர். அந்நகரின் காவற் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயில் அமைந்த பெல்லெக்ரீனோ மலைக்குக் கத்தோலிக்கத் தமிழரோடு சைவத் தமிழரும் ஏறிச் செல்வது பலரும் அறிந்த செய்தி. அந்நாட்டில் நீண்டகால வதிவிட அனுமதி வேண்டுவோர் 'ஏ 2' தரத்து மொழிச் சோதனையில் தேறவேண்டும் என 2010இல் வெளியான அமைச்சாணை ஒன்று விதித்தது. 2018ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை கோருவோரிடம் 'பி 1' தரத்தை எதிர்பார்க்கின்றது. கணவனிடமோ பெற்றோரிடமோ சென்று சேரக் காத்திருக்கும் ஒருவருக்கு மொழிப்பாடம் என்பது பொழுதுபோக்கு அன்று. அப்பாடத்தின் முதல் வாரத்திலேயே, முதற் பெயர்ச்சொல்லோடு கூடவே, வந்து நிற்பது இச்சிறு சொல்.

முதலிற் பெயரை நோக்குவோம். ஆங்கிலத்தில் 'ஆர்ட்டிக்கிள்' எனப்படுவதைத் தமிழிற் 'சுட்டிடைச்சொல்' என வழங்குவர். இப்பெயரின் பிற்பாதி மிகவும் பொருத்தமானது. தனித்து நின்று பொருள் தராது, பெயரையும் வினையையும் சார்ந்து இயங்குவதே இடைச்சொல் என்பது தொல்காப்பியர் கருத்து. இத்தாலியரின் 'இல்', 'லோ', 'லா' என்பனவும் அவ்வாறே தனித்து நிற்கமாட்டா. குழப்பம் விளைவிப்பது முற்பாதியே. சுட்டு என்பது தமிழில் வெறும் கலைச்சொல் அன்று. கையால் ஒன்றைக் காட்டுகின்ற உயிருள்ள செயல். அதிலும் யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கைக் கொண்டோர்க்குச் சுட்டு மூன்று. 'இந்தப் புத்தகம்', 'அந்தப் புத்தகம்' என்பவற்றோடு, கேட்பவன் பக்கத்திற் கிடப்பதை 'உந்தப் புத்தகம்' என்று அவர்கள் இன்றும் சொல்வர். தொல்காப்பியம் கூறிய அ, இ, உ என்ற மூன்று சுட்டுகளுள், தமிழகத்துப் பேச்சில் மறைந்துபோன உகரத்தை ஈழத்துப் பேச்சு காத்துவைத்திருக்கின்றது.

வியப்பு யாதெனில், இத்தாலியத்திலும் இம்மூன்றும் உள்ளன. 'குவெஸ்தோ' என்பது இந்த. 'குவெல்லோ' என்பது அந்த. தொஸ்கானா நாட்டு வழக்கிலும் பழைய எழுத்து நடையிலும் வாழும் 'கொதெஸ்தோ' என்பது கேட்பவன் பக்கத்திலுள்ளது, அதாவது யாழ்ப்பாணத்து 'உந்த'. ஆகவே தமிழ்ச் சுட்டுக்கு ஒப்பான சொல் இத்தாலியத்தில் ஏற்கெனவே இருக்கின்றது. அது 'இல்' அன்று. 'அந்த' என்ற இருக்கையைக் 'குவெல்லோ'வுக்குக் கொடுத்துவிட்டால், 'இல்' உட்காருவதற்கு இடமில்லை.

வரலாற்றை எடுத்துக்காட்டி இதனை மறுக்கலாம். 'இல்', 'லோ', 'லா' மூன்றும் இலத்தீனின் 'இல்லெ' என்ற சொல்லின் வழிவந்தவை. 'இல்லெ' என்பதன் பொருள் 'அந்த' என்பதே. 'உன்' என்பதும் 'ஒன்று' எனப் பொருள்படும் 'ஊனுஸ்' என்பதன் வழிவந்தது. அப்படியாயின் வாய்பாடு சரிதானே? சரியே, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர். 'இல்லெ' தேய்ந்து, சுட்டும் ஆற்றலை இழந்து, பெயருக்கு முன்னே ஒட்டிக்கொண்டபோது, சுட்டுவதற்கு வேறு சொல் தேவைப்பட்டது. அப்போது 'இதோ' என்ற பொருளுடைய 'எக்கும்' என்பதை அதற்கு முன்னே சேர்த்துக் 'குவெல்லோ' என ஒன்றைப் புதிதாகச் செய்துகொண்டனர். பழைய சுட்டு இன்றும் சுட்டிக்கொண்டிருந்தால் புதிய சுட்டு பிறந்திராது. சொல்லின் பிறப்பை அதன் பயனாகக் கொள்வது இலக்கண ஆசிரியர்க்கு நேரும் பழைய மயக்கங்களுள் ஒன்று.

இம்மயக்கம் எவ்வளவு தூரம் இட்டுச்செல்லும் என்பதை அறியத் திரைப்படப் பெயர் ஒன்றே போதும். ரொபேர்த்தோ பெனீஞ்ஞி 1997இல் ஆக்கிய படத்தின் பெயர் 'லா வீத்தா எ பெல்லா'. வாய்பாட்டின்படி இதனைத் தமிழாக்கினால் 'அந்த வாழ்க்கை அழகானது' என்று வரும். எந்த வாழ்க்கை? படத்தின் பிற்பகுதி நாற்சி வதைமுகாமினுள் நிகழ்வது; 'அந்த வாழ்க்கை' அழகானது என்று கூறுவது கொடுமையான கேலியாகவே முடியும். இத்தாலியப் பெயர் சொல்வது அதுவன்று. வாழ்க்கை என்ற பொதுமை முழுவதையும் அது சொல்கின்றது. தமிழ் இதனை 'வாழ்க்கை அழகானது' என்று முன்னொட்டு எதுவுமின்றியே சொல்லும், ஆங்கிலமும் அவ்வாறே. பொதுமையைக் கூறும்போது இத்தாலியம் இச்சொல்லைக் கட்டாயமாக இடும், தமிழ் இடாது. 'நாய் நன்றியுள்ளது', 'பால் வெண்மையானது' போன்ற எளிய தமிழ் வாக்கியங்கள் எல்லாவற்றிலும் இத்தாலியம் 'இல்'லையோ 'லா'வையோ வைக்கும். அவற்றுள் ஒன்றிலேனும் 'அந்த' வந்தால் தமிழ் பொறுக்காது.

இதன் மறுதலை இன்னும் சுவையானது. வித்தோரியோ தெ சீக்கா 1948இல் இயக்கிய புகழ்பெற்ற படத்தின் பெயர் 'லாத்ரி தி பிச்சிக்ளெத்தே'. இதில் முன்னொட்டு இல்லை. இரண்டு பெயர்களும் பன்மை. சைக்கிள் திருடர்கள் என்பதே பொருள். இப்படம் அமெரிக்காவுக்குச் சென்றபோது அங்கே அதற்கு 'அந்தச் சைக்கிள் திருடன்' என்ற பொருள்பட, 'த' என்ற சொல்லும் ஒருமையும் கொண்ட ஆங்கிலப் பெயர் சூட்டப்பட்டது. படத்தின் உயிர்நாடி அப்பெயரில் அறுந்துபோயிற்று என்றே கொள்ளவேண்டும். உரோம நகரில் சுவரொட்டி ஒட்டும் வேலை பெற்ற ஓர் ஏழைத் தந்தையின் சைக்கிள் களவுபோகின்றது. தேடி அலைந்து, கிடைக்காத நிலையில், மகன் பார்த்திருக்க அவனே ஒரு சைக்கிளைத் திருட முயல்கின்றான். திருடன் ஒருவன் அல்லன். வறுமை யாரையும் அவ்விடத்திற் கொண்டுபோய் நிறுத்தும் என்பதனை, இன்னார் எனக் குறிக்காத அப்பன்மை காட்டிற்று. 'த' என்ற ஒரு சொல் ஒருவனைப் பிடித்துக் கூண்டில் நிறுத்திவிட்டது. இத்தாலியச் சொல் வருவதற்குப் பொருள் இருப்பது போலவே, வராமைக்கும் பொருள் உண்டு.

கொழும்பு மாணவர்க்கு இதனை விளக்கத் திரையரங்குக்குப் போகவேண்டியதில்லை. இத்தாலியத்திற் 'கொலொம்போ' என்றால் ஆண்புறா. 'ஓ விஸ்தோ கொலொம்போ' எனின் 'கொழும்பைக் கண்டேன்'. நகரப் பெயருக்கு முன்னொட்டு வராது. 'ஓ விஸ்தோ இல் கொலொம்போ' எனின் கண்டது ஏற்கெனவே பேச்சில் அடிபட்ட ஒரு புறா. 'ஓ விஸ்தோ உன் கொலொம்போ' எனின் யாரோ எங்கோ கண்ட ஏதோ ஒரு புறா. ஒரு நகரத்தைப் பறவையாக்கும் வலிமை ஈரெழுத்துச் சொல்லுக்கு இருக்கின்றது. (இவற்றைத் தமிழெழுத்தில் எழுதும்போது 'இல்' இல்லாமையையும் வீட்டையும், 'உன்' முன்னிலையையும் நினைவூட்டிச் சிரிப்பூட்டுவது தவிர்க்க முடியாதது.)

சுட்டு அன்றாயின் இச்சொல் யாது? விடை அதன் சொந்தப் பெயரிலேயே இருக்கின்றது. இத்தாலியர் இதனை 'ஆர்த்தீக்கொலோ' என்பர். இது இலத்தீனின் 'ஆர்த்திக்குலுஸ்' என்பதிலிருந்து வந்தது. அதன் பொருள் சிறு மூட்டு, உறுப்போடு உறுப்புப் பொருந்தும் கணு. கிரேக்க இலக்கணகாரர் தம் மொழியில் மூட்டு என்று அழைத்ததையே உரோமர் பெயர்த்துக்கொண்டனர். சுட்டு என்ற பெயர் இதன் பழைய பிறப்பைக் கூறுகின்றது. மூட்டு என்ற பெயரோ இது செய்யும் தொழிலைக் கூறுகின்றது. மூட்டு எனக் கொண்டவுடன் தமிழ் மாணவனுக்கு ஒரு பெருங்கதவு திறக்கின்றது. சொல்லும் சொல்லும் பொருந்துமிடத்தில் நிகழ்வதை ஆராய்வதில் தமிழிலக்கணம் போல் ஊன்றி உழைத்த மரபுகள் சிலவே.

இத்தாலிய ஆண்பாலொருமையை எடுத்துக்கொள்வோம். 'இல் லீப்ரோ' என்றால் புத்தகம், 'லோ ஸ்துதெந்தே' என்றால் மாணவன், நண்பனோ 'லமீக்கோ'. மூன்றுக்கும் மூன்று வடிவம். ஆங்கிலவழி நூல்கள் 'இல்' என்பதை விதியாகவும், 'லோ'வை விதிவிலக்காகவும் கூறி, ஸகரத்தின் பின் மெய் வருமிடம், 'த்ஸ' ஒலி வருமிடம், 'ப்ஸ' வருமிடம், 'ஞ' வருமிடம் என ஒரு பட்டியலை மனனஞ் செய்யக் கொடுக்கும். பட்டியல் சரி, விளக்கம் இல்லை. உண்மையில் 'லோ'வே பழைய வடிவம், 'இல்' அதன் தேய்வு. 'பெரும்பாலும்' எனப் பொருள்படும் 'பெர் லோ ப்யூ' என்ற தொடரில் அப்பழமை இன்றும் உறைந்து கிடக்கின்றது. ஆகவே விலக்காகத் தோன்றுவதே முதல். முதலாகத் தோன்றுவது பின்வந்தது. இதை முன்னரே சொல்லிவிட்டால் மாணவனின் பாதி அச்சம் நீங்கும்.

மீதி அச்சத்தை அவன் காதே நீக்கும். 'லோ' முன் உயிரொன்று வந்தால் ஓகாரம் கெட்டு லகர மெய்மேல் அவ்வுயிர் ஏறும்: லோ, அமீக்கோ, லமீக்கோ. 'காசு' என்பதும் 'அழகு' என்பதும் கூடிக் 'காசழகு' ஆகுமிடத்துக் குற்றியலுகரம் மெய்யை விட்டு நீங்குவதைப் பாடசாலையிற் கற்றவனுக்கு இது புதிதன்று. இத்தாலியர் ஓகாரம் போன இடத்தில் ஒரு காற்புள்ளியை மேலே தொங்கவிடுகின்றனர். தமிழர் அதுவும் செய்வதில்லை. 'ஒரு நாடு', 'ஓர் ஊர்' என்ற வேறுபாட்டை அறிந்தவனுக்கு 'உன்', 'உனோ' வேறுபாட்டின் இயல்பும் விளங்கும். இன்னும் நுட்பமான ஒற்றுமை ஒன்றுண்டு. 'ஓர் ஊர்' என்பான், 'ஒரு சிறிய ஊர்' என்பான். இடையிற் புகுந்த அடைமொழியே வடிவத்தைத் தீர்மானிக்கின்றது, ஊர் என்ற பெயரன்று. இத்தாலியத்திலும் 'லோ ஸ்துதெந்தே' என்பது, 'புதிய' என்ற அடை முன்வந்தால் 'இல் நுவோவோ ஸ்துதெந்தே' ஆகிவிடும். 'இல் லீப்ரோ' என்பது, 'அதே' என்ற அடை வந்தால் 'லோ ஸ்தெஸ்ஸோ லீப்ரோ' ஆகிவிடும். பெயர் மாறவில்லை, குறித்த பொருளும் மாறவில்லை. அண்டை வீட்டுக்காரன் மாறினான், மூட்டு மாறியது. இச்சொல்லைச் சுட்டாக விளக்கும் எந்த நூலும் இதற்கு விளக்கம் தர இயலாது.

ஸகரமெய்க் கூட்டத்தின் முன் 'லோ' ஏன் என்பதற்கும் தமிழில் விடையுண்டு. இத்தகைய கூட்டத்திற் சொல் தொடங்குவதைத் தமிழ் ஏற்பதில்லை. 'ஸ்கூல்' பேச்சில் 'இஸ்கூல்' ஆகும். ரகர லகரங்களில் தொடங்கும் வடசொற்களும் 'இராமன்', 'உலோகம்' என முன்னே ஓர் உயிரை ஊன்றுகோலாய்ப் பெறும். இத்தாலியரின் நாவுக்கும் அதே சங்கடம். 'இல்' முன் 'ஸ்து' வந்தால் மெய்கள் மூன்று நெருங்கும். ஆதலால் உயிரிறுதி கொண்ட 'லோ' வந்து இடம்விடுகின்றது. முன்னாளில் அவர்களும் தமிழர் செய்ததையே செய்தனர். 'எழுத்துமூலமாக' என்பதற்கு அவர்கள் வழங்கும் 'பெர் இஸ்கிரீத்தோ' என்ற தொடரில் இருப்பது 'இஸ்கூல்' என்பதிலுள்ள அதே இகரம். தமிழ்க் காது ஓரிடத்திற் சறுக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 'த்ரேனோ' என்றால் புகைவண்டி. தகரமும் ரகரமும் கூடி நிற்பினும் அது 'இல் த்ரேனோ' என்றே வரும். ஸகரத்தொடக்கம் இரண்டு அசைகளாகப் பிரிந்தொலிக்க முற்படும், 'த்ர', 'ப்ர' போன்றவை ஓரசையாக இயைந்துவிடும் என்பதே வேறுபாடு. அதைத் தமிழ்ப் பழக்கம் கற்பிக்காது.

ஆயினும் இவ்விதிக்கு ஈழத்து மாணவன் மறக்கவொண்ணாத ஓர் எடுத்துக்காட்டு அவன் கடவுச்சீட்டிலேயே இருக்கின்றது. 1972இல் நாட்டின் பெயர் 'ஸ்ரீ லங்கா' ஆயிற்று. இத்தாலியம் நாட்டுப் பெயர்களுக்குப் பெரும்பாலும் இம்மூட்டைப் பூட்டும். 'லித்தாலியா' என்றே அவர்கள் தம் நாட்டையும் சொல்வர். 'ஸ்ரீ' ஸகரக் கூட்டமாதலால் 'லோ ஸ்ரீ லங்கா' என்றே வரவேண்டும். 'லங்கா' என்ற அதே சொல்லைத் தமிழர் தம் நாவுக்கு இசைய 'இலங்கை' என்றனர். ஒரு நாட்டின் பெயரை உச்சரிப்பதற்கு இரு மொழிகளும் முன்னே ஓர் உயிரைத் தேடியிருக்கின்றன.

வேற்றுமைப் பொருள் தரும் முன்னிடைச்சொற்களோடு இம்மூட்டு இணைவதும் புணர்ச்சியே. 'ஆ' என்பதும் 'இல்' என்பதும் கூடி 'அல்'. 'தி' என்பதும் 'இல்' என்பதும் கூடித் 'தெல்'. 'இன்' என்பதும் 'இல்' என்பதும் கூடி 'நெல்'. களுபோவில என்றதும் கொழும்பு வாசிக்கு நினைவுக்கு வருவது அங்குள்ள போதனா வைத்தியசாலை. 'வைத்தியசாலைக்கு' என்பதை இத்தாலியர் 'அல்லொஸ்பெதாலே' என ஒரே மூச்சிற் சொல்வர். மரம் என்பது ஐயுருபு ஏற்கையில் 'மரத்தை' எனத் திரிவதைச் சிறுவயதிலேயே ஏற்றுக்கொண்டவன், இத்திரிபுகளைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை.

இதுவரை கூறியது தமிழனுக்கு எளிய பகுதி. உண்மையான இடர் பால் பற்றியது. தமிழிற் பால் பொருளைச் சார்ந்தது. மேசைக்கும் கதிரைக்கும் பால்வேறுபாடு இல்லை. இத்தாலியத்தில் மேசை 'இல் தாவொலோ', கதிரை 'லா ஸேதியா'. மேலும் எகரத்தில் முடியும் சொற்களின் பாலைச் சொல்லைப் பார்த்து அறிய முடியாது, மூட்டே அறிவிக்கும். 'இல் ஃபியோரே' பூ, 'லா நோத்தே' இரவு. ஒரே சொல் 'லா காப்பித்தாலே' என வந்தால் தலைநகர், 'இல் காப்பித்தாலே' என வந்தால் மூலதனம். இங்கே இரு மொழிகளின் போக்கும் முற்றிலும் எதிர்மாறானது. தமிழிற் பிள்ளை ஆணா பெண்ணா என்பதை வாக்கியத்தின் கடைசியில் 'வந்தான்', 'வந்தாள்' என்ற வினைமுற்றே அறிவிக்கும்; பேசுபவனுக்கு யோசிக்க அவகாசமுண்டு. இத்தாலியத்தில் வாய் திறக்கும்போதே பால் தெரிந்திருக்கவேண்டும். எனவே பெயரை மட்டும் பட்டியலிட்டு மனனஞ் செய்வது வீண். மூட்டையும் பெயரையும் ஒரே சொல்லாக, 'லாநோத்தே' என்பதுபோல், நாவிற் பழக்குவதே வழி.

முறைப்பெயர்களில் மீண்டும் ஓர் உறவு தென்படுகின்றது. 'என் புத்தகம்' என்பதற்கு இத்தாலியர் 'இல் மீயோ லீப்ரோ' என மூட்டையும் இடுவர். 'என் தந்தை' எனும்போது 'மீயோ பாத்ரே' என மூட்டை நீக்கிவிடுவர். 'என் சகோதரர்கள்' எனப் பன்மையாயின் மூட்டு திரும்பிவந்துவிடும். நூல்கள் இதனையும் விலக்கு என்றே பட்டியலிடும். தமிழ் பயின்றவன் இங்கே எந்தை, நுந்தை, தந்தை என்ற பழஞ்சொற்களை நினைக்கவேண்டும்; எம்பி, நும்பி, தம்பி என்பனவும் அத்தகையன. உறவுப்பெயர் யாருடைய உறவு என்பதைத் தன்னுள்ளேயே அடக்கிக்கொண்டது; அதனை மேலும் வரையறுக்க வேண்டியதில்லை. தென்னித்தாலியில் நாப்போலி நகரத்தார் 'உன் தாய்' என்பதை 'மாம்மெத்த' எனத் தாய்ப்பெயரோடே ஒட்டிச் சொல்வதும் இதற்கு அண்மையானதே.

இனி, எஞ்சி நிற்கும் பெருங்கேள்வி பொருள் பற்றியது. தமிழில் இம்மூட்டு இல்லை என்பதால், அறிந்த பொருளையும் அறியாத பொருளையும் தமிழன் வேறுபடுத்துவதில்லை என்று கொள்ளலாமா? காலி வீதித் தரிப்பிடத்தில் நிற்பவன் 'பஸ் வந்துவிட்டது' என்றால் அது காத்திருந்த பஸ். 'ஒரு பஸ் வருகிறது' என்றால் அது எதுவாகவும் இருக்கலாம். செயப்படுபொருளில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவு. 'புத்தகம் வாங்கினான்' என்பதும் 'புத்தகத்தை வாங்கினான்' என்பதும் ஒன்றல்ல. முன்னையதில் புத்தகம் எதுவாயினும் ஆகலாம். பின்னையதில் அது கேட்பவனும் அறிந்த புத்தகம். முன்னையதை இரண்டாம் வேற்றுமைத் தொகை என்றும் பின்னையதை விரி என்றும் பாடசாலை இலக்கணம் கூறி, இரண்டும் ஒரே பொருளன என்பது போல் விட்டுவிடுகின்றது. பிறமொழி கற்கும்போதுதான் தாய்மொழி இலக்கணத்தின் இத்தகைய மௌனங்கள் செவியில் உறைக்கின்றன. உயர்திணையில் இவ்வேறுபாடு நில்லாது என்பதும் உண்மை. 'ஒரு வைத்தியரைக் கண்டான்' எனின் அவர் யாரெனத் தெரியாத போதும் ஐயுருபு வந்தே தீரும். ஆகவே ஐயுருபு மூட்டுக்கு நிகரானது அன்று. மூட்டு சொல்லும் செய்தியுள் ஒரு பங்கைச் சொல்லும் ஒரு கருவி.

தென்கொழும்பில் வாழும் தமிழனுக்கு வேறொரு கருவியும் கைவசம் உண்டு. அதனை இத்தாலிய வகுப்பிற் பயன்படுத்தலாம் என்ற எண்ணமே பலருக்குத் தோன்றுவதில்லை. களுபோவிலக் கடைத்தெருவின் மொழி சிங்களம். சிங்களத்திற் 'பொத' என்றால் அறிந்த புத்தகம். 'பொதக்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'மினிஹா' அந்த ஆள் எனப் புரிந்துகொள்ளப்படுபவன். 'மினிஹெக்' யாரோ ஓர் ஆள். ஒருமைப் பெயரைச் சொல்லும்தோறும் இவ்விரண்டில் ஒன்றைத் தெரிந்தாகவேண்டும். சிங்களம் பேசும் தமிழன் இத்தெரிவை நாள்தோறும் செய்கின்றான். விதி தெரியாமலே செய்கின்றான். சிங்களத்தில் அடையாளம் பெயரின் வாலில் வரும். இத்தாலியத்தில் தலையில் வரும். சிங்களம் அறியாப் பொருளுக்கே அடையாளம் இடும். இத்தாலியம் இரண்டுக்கும் இடும். 'உன் லீப்ரோ' வேண்டுமா 'இல் லீப்ரோ' வேண்டுமா எனத் தடுமாறும்போது, 'அந்த' என்று சொல்லிப் பார்ப்பதைவிடச் சிங்களத்திற் சொல்லிப் பார்ப்பது பெரும்பாலும் விரைவிற் கரைசேர்க்கும்.

முற்காலத்தில் இத்தாலியம் கற்ற ஈழத்துத் தமிழருட் குருமார் குறிப்பிடத்தக்கோர். உரோமாபுரியிற் பயின்ற தனிநாயகம் அடிகள் அவர்களுள் நினைக்கத்தக்கவர். குருத்துவக் கல்வியில் இலத்தீன் இடம்பெற்றிருந்தது. இலத்தீன் பாலையும் வேற்றுமையையும் பழக்கிவிடும். ஆனால் இலத்தீனிலும் இம்மூட்டு இல்லை. எதிர்த்திசையில் வந்த இத்தாலியரான வீரமாமுனிவருக்கும் இலத்தீனே இடைவழியாயிற்று. கொடுந்தமிழுக்கு அவர் எழுதி 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறிய இலக்கணம் இலத்தீனில் அமைந்தது. மூட்டுடைய தாய்மொழியைப் பேசிய அவர், மூட்டில்லாத மொழி ஒன்றை மூட்டில்லாத மற்றொரு மொழியில் விளக்கினார். இன்றைய கொழும்பு மாணவனின் இடைவழி ஆங்கிலம். ஆங்கிலத்தில் மூட்டு உண்டு. ஆனால் அது பாலையும் எண்ணையும் காட்டாது, பொதுமைக்கு வராது, உடைமைச் சொல்லோடு சேராது. இத்தாலியத்திற்கு மிகவும் வேண்டிய இடங்களிலேயே இவ்வழிகாட்டி கைவிட்டுவிடுகின்றது.

கடைசியாக ஒரு சொல்லை நோக்கலாம். இலங்கைத் தமிழர் போர்த்துக்கேயரிடமிருந்து மேசை, கதிரை, யன்னல், சப்பாத்து எனப் பல பெயர்களைப் பெற்றனர். அப்பெயர்களின் முன்னே நின்ற மூட்டுகளைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டனர். 'பாண்' அவ்வாறு வந்தது; இத்தாலியத்தின் 'பானே' அதற்கு உடன்பிறப்பு. களுபோவிலவில் ஒரு தாய் மகனைக் கடைக்கு அனுப்பும்போது 'பாண் வாங்கிக்கொண்டு வா' என்பாள். அங்கே 'அந்த' இல்லை, 'ஒரு' இல்லை, ஐயுருபும் இல்லை. அதே மாலைப்பொழுதிற் பலெர்மோவில் ஒரு தாய் 'கோம்ப்ரா இல் பானே' என்பாள். இன்ன பாண் என அவள் எதையும் மனத்திற் கொள்ளவில்லை. நாள்தோறும் வீட்டுக்கு வருகின்ற, வரவேண்டிய பாண் அது. அதற்கே 'இல்'. 'தெல் பானே' என்றிருந்தால் கொஞ்சம் பாண். 'உன் பானே' என்றிருந்தால் ஒரு முழுப் பாண், சிங்களத்தில் 'பாண் கெடியக்'. கடைக்குப் போன பையன் 'குவெல் பானே' என்று கேட்டால்தான் கடைக்காரர் திரும்பி, அவன் விரல் எத்தட்டைக் காட்டுகின்றது என்று பார்ப்பார்.